நான்காவது குறிப்பு

ஜூன் 2, வெள்ளி

டாக்டர் ஈஸ்வரமூர்த்தி காலையிலேயே கூப்பிட்டு அனுப்பினார். நம் மென்பொருள் போகிறதாம். சென்னைக் கம்பெனி ஒன்று புதிதாகச் செய்து தரப்போகிறதாம். அதுவரை பழையதைப் பார்த்துக்கொள்ள அவர்கள் ஆள் ஒருவர் பத்தொன்பதாம் தேதி வருகிறார்.

"நீங்க கையேடு மாதிரி ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க மேடம். வர்ற பையனுக்கு என்னென்ன பண்ணலாம், பண்ணக் கூடாதுன்னு. புது சிஸ்டம் வந்ததும் நீங்கதான் ஐ.டி. மேனேஜர். போர்டுல பேசிட்டேன்."

பதினான்கு வருடமாக இந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். இப்போதுதான் அதற்கு ஒரு பெயர் வைக்க மனது வந்திருக்கிறது. நன்றி சார் என்று பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

புறநோயாளிப் பிரிவில் எடை பார்க்கும் மெஷின் பழுது. அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். கரண்டில் ஓடுவதெல்லாம் என் துறை. திரும்பிப் போகும்போது பிரப் ரோட்டில் ரிப்பேர் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் ஆகுமாம்.

ஜூன் 4, ஞாயிறு

வழக்கம்போலக் காலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்தே சர்வரை நிறுத்திக் கிளப்பினேன். ஞாயிறுதோறும் செய்யும் வேலை. வாரம் முழுக்க ஓடினால் அதற்கு மூச்சு வாங்கும்.

கையேட்டை ஆரம்பித்தேன். முன்னுரை இப்படி:

"மற்ற இடங்களில் நோயாளியைத் துண்டு துண்டாகப் பிரித்து அட்டவணைகளில் போட்டுவைப்பார்கள். பெயர் ஓரிடம், மருந்து ஓரிடம். இங்கே இருப்பது ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ். ஒரு நோயாளி என்றால் அவருடைய பெயர், எடை, ஒவ்வாமைப் பட்டியல் எல்லாம் சேர்ந்த ஒரு முழுப் பொருள். அப்படியே உள்ளே போகும், கேட்டால் அப்படியே வெளியே வரும். இதனால் வேலை சுலபம். சுலபம் என்று நம்பி மிதப்பாக இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து."

கடைசி வரி கொஞ்சம் திமிராக இருக்கிறது. இருக்கட்டும்.

முதல் குறிப்பு: வகுப்புகளின், அதாவது பொருள் வகைகளின், பெயரை மாற்றாதே. உள்ளே உறங்கும் ஒவ்வொரு பொருளும் தன் வகுப்பின் பெயரைச் சொல்லித்தான் எழுந்திருக்கும். 'நோயாளி' என்பது அழகாக இல்லையென்று 'பயனாளி' என்று மாற்றினால் எழுபதாயிரம் பேர் எழுந்து வரமாட்டார்கள்.

மோட்டாரைப் போட்டுவிட்டு இவர் பேப்பரில் மூழ்கிவிட்டார். டேங்க் நிரம்பி மாடிப்படி வரை தண்ணீர். நான்தான் துடைத்தேன்.

ஜூன் 5, திங்கள்

மோசமான நாள்.

மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கும் ரங்கசாமி என்பவருக்குக் காலில் காயம். வலி தாங்கவில்லை என்று வந்தார். டியூட்டி டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு வலிக்கு ஊசி போடச் சொன்னார். போட்ட ஐந்தாவது நிமிடம் முகம் வீங்கி, மூச்சு அடைத்து, கீழே விழுந்துவிட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். அந்த ஊசி அவருக்கு ஆகாதாம்.

சனிக்கிழமை கட்டுப் போட வந்தபோதே அதை நர்ஸ் கோகிலவாணியிடம் சொன்னாராம். அவர் மனைவி வார்டு வாசலில் நின்று கத்தினாள். "நானும் கூடத்தான இருந்தேன்! அந்த நர்ஸம்மா கம்ப்யூட்டர்ல அடிச்சதைப் பார்த்தனுங்க!"

திரையில் ஒவ்வாமை என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

ஜூன் 6, செவ்வாய்

கோகிலவாணி மதியம் என் அறைக்கு வந்தாள். பதினோரு வருடமாக இங்கே நர்ஸ். என்னோடு உட்கார்ந்து சாப்பிடும் ஒரே ஆள். இன்று டப்பாவைத் திறக்கவே இல்லை.

"அக்கா, சத்தியமா போட்டேன். போட்டதுக்கப்புறம் ஸ்கிரீன்ல செவப்பு எழுத்துல வந்துச்சு. ரெண்டு தடவை பாத்தேன். எங்கீங்க போச்சு?"

"எதாச்சும் தப்பா அழுத்தியிருப்பியா?"

"இல்லீங்க்கா. எப்பவும் ஒவ்வாமை போட்டுட்டு எடை போடுவேன். அன்னைக்கு மெஷின் இல்ல. அதனால ஒவ்வாமை மட்டும் போட்டு சேவ் பண்ணிட்டுக் கட்டுப் போட உக்காந்துட்டேன்."

பார்க்கிறேன் என்று சொன்னேன். என் ஹாட்பாக்ஸிலிருந்து இரண்டு இட்லி எடுத்து அவள் கையில் வைத்தேன். அந்த ஹாட்பாக்ஸ் இரண்டு வருடம் முன்பு ஆண்டு விழாவில் எனக்குக் கொடுத்தது. அதுவரை, ஒரே நோயாளியை ரிசப்ஷனிலும் நர்ஸ் அறையிலும் ஒரே நேரத்தில் திறந்து திருத்தினால் சிஸ்டம் சண்டை போடும், ஒருவர் அடித்தது சேமிக்கப்படாமல் போய்விடும். நோயாளியைத் தொட்டாலே 'கடைசியாகத் திருத்திய நேரம்' மாறுவதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, அந்த நேரத்தை நோயாளியிடமிருந்து பிடுங்கித் தனிப் பொருளாக வைத்தேன். சண்டை நின்றுவிட்டது. மேடையில் ஹாட்பாக்ஸ் வாங்கும்போது கோகிலவாணிதான் விசில் அடிக்காத குறையாகக் கைதட்டினாள்.

ஜூன் 7, புதன்

இரண்டாவது குறிப்பு: ஒரு வேலையை ஆரம்பித்தால் சீக்கிரம் முடித்துச் சேமி. பாதியில் டீ குடிக்கப் போகாதே. நீ திறந்து வைத்திருப்பது பழைய படம், அதற்குள் உலகம் மாறியிருக்கும்.

மூன்றாவது: எல்லோரும் தொடும் ஒன்றை எல்லோரும் தொடும் பொருளுக்குள் வைக்காதே. தனியே எடுத்து வை. (நான் செய்ததை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். என் பெருமையை நான் சொல்லாமல் யார் சொல்வார்கள்?)

சமையல் எரிவாயு புக் செய்தேன்.

ஜூன் 8, வியாழன்

தலைவலி. மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 9, வெள்ளி

விசாரணைக் கமிட்டி. மூன்று பேர். என்னிடம் எழுத்துப்பூர்வமாகப் பதில் கேட்டார்கள். கொடுத்தது இது:

"ரங்கசாமி என்ற நோயாளியின் பதிவில் ஜூன் 3 அன்று எந்த மாற்றமும் எழுதப்படவில்லை. எழுதியதை யாரும் அழித்ததற்கான அடையாளமும் இல்லை."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. இரண்டு முறை படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு டாக்டர் கேட்டார்: "சிஸ்டத்துல தப்பு இருக்க வாய்ப்பு இருக்குங்களா மேடம்?"

"பதினாலு வருஷமா ஓடுதுங்க சார்" என்றேன். அதுவும் உண்மைதான்.

ஜூன் 11, ஞாயிறு

ரங்கசாமிக்கு வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்களாம். பிழைத்துக்கொண்டார். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது. குலதெய்வத்துக்கு நூற்றியொரு ரூபாய் முடிந்து வைத்தேன். இனிமேல் எல்லாம் தானாக அடங்கிவிடும்.

ஐந்தாவது குறிப்பு: ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் யார், எப்போது, எதற்கு என்று ஒரு வரி எழுதச் சொல். நான் எல்லா இடத்திலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பிற்பாடு ஒரு சந்தேகம் வந்தால் அந்த ஒரு வரிதான் பேசும்.

நான்காவதை இன்னும் எழுதவில்லை. பிறகு எழுதிக்கொள்ளலாம்.

ஜூன் 12, திங்கள்

ரங்கசாமி பேச ஆரம்பித்து முதலில் சொன்னதே, "அந்தம்மா எழுதுனாங்க. நானே பாத்தேன். அவங்கமேல தப்பில்லீங்க" என்பதுதானாம். கமிட்டியில் இருந்த டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார், "பாவம், அவனுக்குப் படிக்கவே தெரியாது."

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. சிவப்பு எழுத்தைப் பார்க்கப் படிப்பு வேண்டுமா?

ஜூன் 14, புதன்

சர்வரில் இடம் குறைவாக இருந்தது. எனவே பேக் செய்தேன். டேட்டாபேஸ் பழைய நிலைகளையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். பேக் செய்தால் இன்றைய நிலை மட்டும் மிஞ்சும், மற்றதைத் தூக்கிப் போட்டுவிடும். மாதா மாதம் முதல் ஞாயிறு செய்கிற வேலைதான். இந்த மாதம் தள்ளிப்போய்விட்டது.

பேக்கப் எடுக்கும் இரண்டு வட்டுகளையும் மாற்றி மாற்றிப் போடுவது வழக்கம். இன்று இரண்டிலும் புதிதாகவே எடுத்துவிட்டேன். சுத்தமாக இருக்கும்.

எடை மெஷின் சரியாகி வந்துவிட்டது. நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். கோகிலவாணியின் நாற்காலியில் வேறு யாரோ ஒரு பெண் இருந்தாள்.

ஜூன் 16, வெள்ளி

கோகிலவாணியை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். கவனக்குறைவு, அதை மறைக்கப் பொய் சொன்னது. இரண்டு காரணம் எழுதியிருக்கிறார்கள். நர்சிங் கவுன்சிலுக்கும் எழுதப்போகிறார்களாம்.

அலமாரிச் சாவியைக் கொடுக்க என் அறை வழியாகத்தான் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று கையை ஆட்டினாள். போனில் பேசிக்கொண்டிருப்பதுபோல் இருந்துவிட்டேன். போனில் யாருமில்லை.

ஜூன் 19, திங்கள்

சென்னைக் கம்பெனி ஆள் வந்துவிட்டார். தௌஃபீக். முப்பதைத் தொட்டிருப்பார். வந்ததும் வராததுமாகக் கையேட்டைக் கேட்டார். படித்துவிட்டு, "மேடம், மூணுக்கு அப்புறம் அஞ்சு வருதே?" என்றார்.

வேறு வழியில்லை. பக்கத்தில் அவரை வைத்துக்கொண்டே தட்டினேன்.

நான்காவது குறிப்பு: "நோயாளி என்ற பொருளுக்குள் ஒவ்வாமைப் பட்டியல் இருக்கிறது. நோயாளியின் எடையை மாற்றினால் டேட்டாபேஸுக்குத் தெரியும், வட்டில் எழுதிக்கொள்ளும். உள்ளே இருக்கும் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் அதற்குத் தெரியாது. 'இந்த நோயாளி மாறியிருக்கிறார்' என்று நாம்தான் ஒரு வரி எழுதிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. சேமித்தாயிற்று என்றே திரை சொல்லும். சேர்த்த வரி திரையில் தெரியவும் செய்யும், ஏனென்றால் சர்வரின் நினைவில் அது இருக்கிறது. சர்வரை நிறுத்திக் கிளப்பியதும் வட்டில் இருக்கும் பழைய நோயாளிதான் வருவார். கூடவே எடையையோ வேறெதையோ மாற்றியிருந்தால் முழு நோயாளியும் எழுதப்படுவார், பட்டியலும் சேர்ந்து தப்பித்துக்கொள்ளும். ஆகவே இந்தத் தவறு வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் ஓடும்."

"சூப்பர் மேடம்" என்றார் தௌஃபீக். "இவ்ளோ தெளிவா யாரும் எழுதிப் பாத்ததில்ல. அனுபவமா?"

பொதுவாகச் சொன்னேன் என்றேன்.

ஜூன் 27, செவ்வாய்

தெளிவாக எழுதியது என் தப்பு.

தௌஃபீக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் நிரலை வரி வரியாகப் படித்திருக்கிறார். மதியம் சிரித்த முகத்தோடு வந்தார்.

"மேடம், உங்க நாலாவது ரூலை நீங்களே ஒரு இடத்துல விட்டுட்டீங்க. ஒவ்வாமை சேர்க்கிற இடம். முன்னாடி அதே இடத்துல திருத்தின நேரமும் மாறிட்டு இருந்துச்சு, அதனால தானா சேவ் ஆகியிருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி நேரத்தைத் தனியா எடுத்தீங்கல்ல, அப்போ இது அம்போன்னு விட்டுப்போச்சு."

"அப்படியா" என்றேன்.

"சின்ன விஷயம்தான் மேடம். ஒரு வரி போட்டுட்டேன். யாருக்கும் பிரச்சனை எதுவும் வரலல்ல?"

அவர் வருவதற்கு மூன்று நாள் முன்பு கோகிலவாணி போய்விட்டாள். அவருக்கு அவள் பெயர்கூடத் தெரியாது.

"வரல" என்றேன்.

ஜூன் 28, புதன்

ஆமாம், அந்த வரியை விட்டது நான்தான். ஹாட்பாக்ஸ் வாங்கிக் கொடுத்த அதே திருத்தம். எழுதிவிட்டேன், போதுமா?

யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 3, திங்கள்

தலையணை உறைக்குத் துணி எடுக்க ஜவுளி மார்க்கெட் பக்கம் போனேன். ஒரு மொத்தக் கடையில் நைட்டிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கோகிலவாணி. இளைத்திருந்தாள்.

ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா! நல்லா இருக்கீங்களா? வாங்க, ஃபேனுக்கு அடியில உக்காருங்க."

இங்கே என்ன செய்கிறாய், வேறு ஆஸ்பத்திரியில் கேட்கவில்லையா என்றேன்.

"ரெண்டு எடத்துல கூப்புட்டாங்க. நானே போகலீங்க்கா." நைட்டியின் கழுத்துப் பட்டனைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டாள். "போட்டேன் போட்டேன்னு சொல்லிட்டே இருந்தேன். இப்ப ராத்திரி படுத்தா, நெசமாவே போட்டனான்னு சந்தேகமா இருக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? நீங்களே பாத்து இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அப்ப நான்தான போடாம போட்டதா நெனச்சிருக்கோணும்? அப்படிப்பட்டவ இன்னொருத்தருக்கு ஊசி எடுத்துக் குடுக்கலாமுங்களா?"

துணி வாங்காமல் வந்துவிட்டேன். வண்டியை எங்கே நிறுத்தினேன் என்று அரை மணி நேரம் தேடினேன்.

அவள் வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டிருந்தேன் நான். அவள் கண்ணால் பார்த்ததை அவளிடமிருந்தே பிடுங்கிவிட்டேன். என்னை எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஜூலை 5, புதன்

டாக்டர் ஈஸ்வரமூர்த்தியிடம் சொல்லிவிட்டேன். நிரலில் நான் விட்ட வரி, எடை மெஷின், ஞாயிற்றுக்கிழமை சர்வரை நிறுத்தியது, எல்லாவற்றையும். நடுவில் ஒரு முறை தண்ணீர் குடித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பேனாவை மூடி வைத்தார்.

"சரிங்க மேடம், அப்படி ஒரு பிழை இருந்துச்சுன்னே வெச்சுக்குவோம். அன்னைக்கு அந்தப் பொண்ணு எழுதுனாங்கன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?"

"ஜூன் மூணு, சாயங்காலம் நாலு பன்னெண்டு. சேமிச்சப்ப விழுந்த குறிப்பு இருந்துச்சுங்க சார். கோகிலவாணி, ஒவ்வாமை சேர்ப்புன்னு. நோயாளி எழுதப்படல, ஆனா திருத்தின நேரம் தனியா எழுதப்பட்டுச்சு, அதோட அந்தக் குறிப்பும் இருந்துச்சு."

"காட்டுங்க."

"இப்ப இல்லீங்க சார். பேக் பண்ணினதுல போயிருச்சு."

"பேக்கப்?"

அதிலும் இல்லையென்று தலையாட்டினேன்.

"நீங்க அதைப் பாத்தீங்களா?"

"என் கண்ணால பாத்தேன் சார்."

"கோகிலவாணியும் இதையேதான மேடம் சொன்னாங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. "உங்களுக்கு அவங்க நல்ல பழக்கம்னு எனக்குத் தெரியும். பாவம் பாக்கறீங்க. புரியுது. ஆனா ஆதாரம் இல்லாம நான் கமிட்டிய மறுபடி கூப்பிட முடியாதுங்க. நீங்க ரெண்டு நாள் லீவு போட்டு ரெஸ்ட் எடுங்க. பதினஞ்சாம் தேதி மேனேஜர் ஆர்டர் வந்துரும்."

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். சிகிச்சைக்கு வந்தவள் என்று நினைத்து வார்டு ஆயா டோக்கன் போட்டாச்சா என்று கேட்டாள்.

ஜூலை 8, சனி

லீவு. இவர் மோட்டாரைப் போட்டுவிட்டு இன்றைக்கும் மறந்துவிட்டார். நான் கவனித்து நிறுத்தினேன்.

ஜூலை 9, ஞாயிறு

சர்வரை இப்போது தௌஃபீக் பார்த்துக்கொள்கிறார். ஆறு மணிக்கு விழிப்பு வந்தும் செய்ய ஒன்றுமில்லை. ஹாட்பாக்ஸில் இட்லி வைத்துக்கொண்டு கோகிலவாணி வீட்டுக்குப் போனேன். கருங்கல்பாளையத்தில் ஒற்றை அறை வீடு. கணவர் லாரிக்குப் போயிருந்தார்.

உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "நீ போட்டே கோகிலா. சரியாத்தான் போட்டே. நீ பாத்ததும் நெஜம். சிஸ்டம்தான் தொலைச்சிருச்சு. நான் எழுதுன புரோகிராம்ல தப்பு. ஈஸ்வரமூர்த்தி சார்கிட்டயும் சொல்லிட்டேன், அவரு நம்பல."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்:

"எப்பங்க்கா தெரிஞ்சுது உங்களுக்கு?"

எல்லாவற்றையும் சொல்லத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் வரும்போது வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"போன வாரம். புதுசா வந்த பையன் கண்டுபிடிச்சான். தெரிஞ்ச உடனே சார்கிட்டப் போயிட்டேன்" என்றேன்.

அவள் அழுதுவிட்டாள். என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "வேலை வராட்டிப் போகுதுங்க்கா. எனக்குப் பைத்தியம் புடிக்கலைன்னு தெரிஞ்சுதே, அது போதும். அத்தனை பேருல நீங்க ஒருத்தராச்சும் எனக்காகப் போய் நின்னீங்களே. இந்த நன்றிய நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

இட்லியை எடுத்து வைத்துக்கொண்டு, வெறும் பாத்திரம் தரக்கூடாதென்று ஹாட்பாக்ஸ் நிறையப் பணியாரம் வைத்துக் கொடுத்தாள். பஸ் ஸ்டாப் வரை வந்து ஏற்றிவிட்டாள்.

ஹாட்பாக்ஸ் மேசைமேல் இருக்கிறது. திறக்கவில்லை. இந்த நோட்டைத் திருப்பி ஜூன் எட்டாம் தேதியை எடுத்துப் பார்த்தேன். காலை பத்து மணிக்கு அந்த நாலு பன்னிரண்டு குறிப்பைக் கண்டுபிடித்த நாள். தலைவலி, மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று எனக்குத் தலை வலிக்கவில்லை.